மைதாப் பசையில் ஒட்டிய பதினாறு பக்கங்கள்

"ஏனம்மா, புஸ்தகத்தையும் வேக வெக்கறீங்களா?" என்று கேட்டார் ரத்னம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூரில் எங்கள் ஹாஸ்டலின் சமையலறை. எங்களுக்குச் சமைத்துப்போடும் ரத்னம்மா கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம் பேசுவார், எங்களிடம் கன்னடத்துக்கும் தமிழுக்கும் நடுவில் ஒன்றைப் பேசுவார். இட்லிக் கொப்பரையின் மூடியை நான் கொஞ்சம் நகர்த்தி, அந்த இடுக்கில் வந்த ஆவியில் ஒரு புத்தகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மஞ்சுளா, கையில் ஒரு ஹேர்பின்னோடு. வாசலில் காவலுக்குச் சித்ரா.

வார்டன் மேடம் வாரக் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். பேரம் பேசாமல் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கமாட்டார். அதனால் எங்களுக்கு ஒரு மணி நேரம் நிச்சயம்.

"இல்லக்கா, பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு" என்றேன்.

ரத்னம்மா புத்தகத்தை வாங்கி ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மைதா. நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன். எதுக்குன்னு கேக்கல" என்றார். பிறகு அடுப்பைக் கூட்டி வைத்தார். "இப்பிடிப் பிடிச்சா நனைஞ்சிடும். இன்னும் மேல தூக்குங்க. ஆவி படணும், தண்ணி படக் கூடாது."

பசையைக் காய்ச்சியவருக்குத்தானே அதைப் பிரிக்கும் வழியும் தெரியும்!

அந்தப் பக்கங்களை யார் ஒட்டினார்கள், நாங்கள் ஏன் இட்லியோடு இட்லியாகப் புத்தகத்தை அவித்தோம் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பேப்பரில் ஜன்னல்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான் ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். தலைமுடியை விட மெல்லிய கம்பியைச் சின்னச் சின்ன சுருளாகச் சுற்றுகிற வேலை. அதற்குப் பெண்களின் விரல்தான் சரிப்படும் என்று கம்பெனியில் சொல்வார்கள். எங்கள் விரலைப் பற்றி எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

என்னைக் கொண்டுவந்து விட்ட அண்ணன் ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "இங்க ஸ்ட்ரிக்ட்டா இருப்பாங்களா?"

"ஜெயில் மாதிரி சார்" என்றார் வாட்ச்மேன், பெருமையாக.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. சாப்பாடு எப்படி, தண்ணீர் வருமா, ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று எதையும் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தான்.

வார்டன் பெயர் சரோஜா மேடம். ஐம்பதை நெருங்கிய வயது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அவர்தான் படிப்பார். படிப்பார் என்பதைவிட, கத்தரிக்கோலோடு உட்காருவார் என்று சொல்லலாம். எங்கள் கைக்கு வரும்போது பேப்பரில் ஜன்னல் ஜன்னலாக இருக்கும். சினிமா விளம்பரம் இருந்த இடம் ஒரு ஜன்னல். காதல் தகராறுச் செய்தி இருந்த இடம் ஒரு ஜன்னல். ஒரு நாள் பேப்பரை விரித்துப் பிடித்தால், எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவளின் முகம் அப்படியே தெரிந்தது.

இதில் சங்கடம் என்னவென்றால், பேப்பருக்குப் பின்பக்கமும் உண்டு. பனியன் விளம்பரத்தை வெட்டினால், அதன் முதுகில் இருந்த வானிலைச் செய்தியும் சேர்ந்து போய்விடும். ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் குடை எடுக்காமல் நனைந்துகொண்டே வேலைக்குப் போனோம்.

கூடத்தில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. கம்பெனி கொடுத்த புத்தகங்கள், நூறு இருக்கலாம். அதற்கும் மேடம்தான் பொறுப்பு. பேப்பருக்குக் கத்தரிக்கோல், நாவலுக்கு பிளேடு. வெட்டினால் புத்தகமே மிஞ்சாது என்றால், மைதாப் பசை. பக்கங்களைச் சேர்த்து ஓரத்தில் ஒட்டிவிடுவார்.

அவர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவரே கஷாயம் போட்டுக்கொண்டு மாடி ஏறி வருவார். நாங்கள் வருவதற்கு முன்பு அங்கே தங்கியிருந்த ஒரு பெண் யாரையோ கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாளாம். அவள் வீட்டார் ஒரு வேன் நிறைய ஆளோடு வந்து, தெருவே கூடி நிற்க, மேடத்தை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் தலையணைக்கு அடியில் ஒரு காதல் நாவல் இருந்தது என்று யாரோ சொல்ல, குற்றம் முழுவதும் புத்தகத்தின் தலையில் விழுந்தது. அன்றிலிருந்துதான் கத்தரிக்கோல்.

மஞ்சுளாவின் அத்தியாயங்கள்

மஞ்சுளாவுக்கு வேப்பனப்பள்ளி. வீட்டில் தெலுங்கு, தோட்டத்துக்கு மாங்காய் பறிக்க வருகிறவர்களோடு கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். மூன்று மொழியிலும் வாய் ஓயாது.

எங்கள் பீரோவில் ஒரு நாவல். அதில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதாநாயகியும் அவள் நேசிக்கிறவனும் மழைக்கு ஒரு பஸ் நிழற்குடையில் ஒதுங்குகிறார்கள். அடுத்து ஆறு பக்கம் இல்லை. நூற்றுப் பத்தொன்பதாம் பக்கத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்து காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

நடுவில் என்ன நடந்தது? எதுக்குடி அவ அழுதா? ஒரு வாரம் எங்களுக்கு வேலையே ஓடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சுளா மொட்டைமாடியில் எங்களையெல்லாம் உட்கார வைத்து, "நான் சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தாள். அந்த ஆறு பக்கத்தையும் அவளே இட்டுக்கட்டினாள். நிழற்குடையில் ஒரு கிழவி வருவாள், ஒரு ஆடு வரும், அவன் ஒரு பொய் சொல்லுவான், அவள் கண்டுபிடிப்பாள். சண்டைக் கட்டத்தில் மஞ்சுளா தெலுங்குக்குப் போய்விடுவாள். புரியாதவர்களுக்கும் புரியும். அடுத்த சனிக்கிழமை, "போன வாரம் சொன்னது தப்பு, நடந்தது வேற" என்று புதிதாக இன்னொன்று சொன்னாள். பிளேடு பட்ட புத்தகங்களுக்குத்தான் எங்கள் ஹாஸ்டலில் அதிக கிராக்கி. முழுசாக இருந்த புத்தகங்களை யாரும் தொடுவதில்லை.

பல வருடம் கழித்து அதே நாவலை பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் பார்த்தேன். நின்றபடியே அந்த ஆறு பக்கத்தையும் படித்தேன். அவன் அவளுக்குக் குடை பிடிக்கிறான். தன் அக்காவின் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறான். பஸ் வந்துவிடுகிறது. அவ்வளவுதான். மேடம் எதற்கு அதை வெட்டினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மஞ்சுளாவின் ஆடு எவ்வளவோ தேவலை.

ஆனால் எல்லா விடுபட்ட பக்கத்தையும் மஞ்சுளா இட்டு நிரப்பிவிட முடியாது. அது எங்களுக்குச் சித்ராவால்தான் தெரிந்தது.

ஒற்றைக் கண்ணால்

சித்ரா கல்லாவிக்காரி. எங்கள் மூவரில் இளையவள், பத்தொன்பது வயது. என்னுடைய அறை. அவள் அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள்.

பீரோவில் ஒரு லேடி டாக்டர் எழுதிய, பெண்களின் உடல்நலம் பற்றிய புத்தகம் இருந்தது. சத்தான உணவு, பல் சுத்தம், முதுகுவலி என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஓர் அத்தியாயம், பதினாறு பக்கம், மொத்தமாக ஒட்டப்பட்டிருந்தது. தொட்டால் அட்டை மாதிரி இருக்கும். அதற்கு அப்புறம் மறுபடியும் குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று வந்துவிடும்.

அந்தப் புத்தகத்தைச் சித்ரா வாரா வாரம் எடுத்தாள். திருப்பிக் கொடுப்பாள், மறுபடியும் எடுப்பாள். ஓரம் மட்டும் ஒட்டியிருந்ததால் அந்தப் பக்கங்கள் நடுவில் பை மாதிரி உப்பும். மேலே பசை படாமல் விட்டுப்போன ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஜன்னல் பக்கம் போய், புத்தகத்தை வளைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த இடைவெளி வழியாக உள்ளே பார்ப்பாள். திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்குள் பார்ப்போமே, அப்படி.

நான் கேலி செய்தேன். "என்ன புள்ள, உள்ள படம் ஓடுதா?"

அவள் சிரிக்கவில்லை.

அந்த வருடம் அவள் வெளுத்துக்கொண்டே போனாள். வேலைக்குக் கூட்டிப்போகும் பஸ்ஸில் நின்றபடி தூங்கினாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எந்நேரமும் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவும் என் கண்ணில் பட்டும் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு சித்ரா?"

"அக்கா, எனக்கு கேன்சர்."

"யாருடி சொன்னா?"

"புஸ்தகம் சொல்லுது."

பிறகுதான் எல்லாம் வந்தது. அஞ்சு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வந்தால் நிற்பதில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள், சில தடவை அதற்கும் மேல். ஊருக்குப் போனபோது சித்தியிடம் ஜாடையாகக் கேட்டிருக்கிறாள். "கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்" என்றாளாம் சித்தி. அம்மாவிடம் கேட்க வெட்கம். கம்பெனியில் சொன்னால் உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். மிச்சம் இருந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான். அந்த இடைவெளி வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்து, இத்தனை வாரத்தில் அவள் பொறுக்கி எடுத்தது மூன்றே வார்த்தை. ரத்தப்போக்கு. நீண்ட நாள். புற்றுநோய்.

இந்த மூன்றையும் கோத்துக்கொண்டு, தான் சாகப்போகிறோம் என்று முடிவே செய்துவிட்டாள். யாருக்கும் சொல்லாமல், தினமும் பஸ் ஏறிப் போய்க் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கள் ஊர் நூலகம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. எட்டாவது படிக்கும்போது அதைக் காட்டி ஒரு புத்தகம் கேட்டேன். நூலகர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அது உனக்கில்ல" என்றார். சரி என்று கோலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கில்லை என்றால் வேறு யாருக்கு என்று கேட்க அப்போது தோன்றவில்லை. இப்போது சித்ராவைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஞாயித்துக்கிழமை மேடம் மார்க்கெட் போவாங்கல்ல? அன்னிக்குப் பிரிச்சிரலாம்" என்றேன்.

இரண்டாவது ஈடு

முதல் ஈடு இட்லி வெந்து இறங்கியபோது நாலு பக்கம் பிரிந்திருந்தது. இரண்டாவது ஈட்டில் மிச்சமும். மஞ்சுளா ஹேர்பின்னை உள்ளே விட்டு, பழத்தோலை உரிப்பதுபோல மெதுவாக உரித்தாள். பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்துபோயின. ஆனால் ஒரு எழுத்துகூடக் கிழியவில்லை.

தேடிய இடம் அந்தப் பதினாறில் ஐந்தாவது பக்கத்தில் இருந்தது. சித்ரா வாசலை விட்டு ஓடிவந்தாள். நான் படித்தேன். ஏழு நாளைக்கு மேல் போனால் சும்மா இருக்கக் கூடாது. ரத்தம் குறைந்து களைப்பு வரும், மூச்சு வாங்கும். தைராய்டு கோளாறு இருந்தாலும் இப்படி ஆகலாம், வேறு காரணமும் இருக்கலாம். அப்புறம் அந்த வரி. சின்ன வயதுப் பெண்களுக்கு இப்படி வருவது பெரும்பாலும் புற்றுநோயால் அல்ல, பயப்படாமல் டாக்டரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது.

"இன்னொரு தடவை படிக்கா" என்றாள் சித்ரா.

படித்தேன்.

"அந்த 'அல்ல'ங்கற வார்த்தை எனக்குத் தெரியவே இல்லக்கா. அது பசைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்குது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ரத்னம்மா ஒன்றும் கேட்காமல் அவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, நாலு இட்லியை வைத்து, நெய்யும் விட்டார். ஹாஸ்டலில் நெய் என்பது வார்டன் தட்டுக்கு மட்டும் போகிற பொருள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. அன்று பெரியாஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று.

மேடம் மோப்பம் பிடித்தார்

ஆனால் செவ்வாய்க்கிழமையே மாட்டிக்கொண்டோம். பீரோவை ஒழுங்குபடுத்தியபோது அந்தப் புத்தகம் மட்டும் உப்பிப்போய் வரிசையில் நிற்காமல் துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. மேடம் எடுத்துப் பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார். இட்லி வாசனை.

யார் கடைசியாக எடுத்தது என்று பீரோ நோட்டில் பார்த்தால் சித்ராவின் பெயர். அதற்கு முந்தியும் சித்ரா, அதற்கும் முந்தி சித்ரா.

"வேற யாரெல்லாம் கூட்டு?" என்று கேட்டாராம். சித்ரா வாயைத் திறக்கவில்லை. கல்லாவியில் அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு போன் போட்டு, அவள் அப்பாவை வியாழக்கிழமை அவசியம் வரச் சொல்லிவிட்டார் மேடம். காரணம் சொல்லவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றே போய், "பிரிச்சது நான்தான்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மஞ்சுளா, "வா, போய்ச் சொல்லிடலாம்" என்றாள். "அவசரப்படாதே, பாப்போம்" என்றேன். அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான், இந்த வேலையும் இந்த மொட்டைமாடியும் போய்விடும் என்று பயம். சித்ரா எங்களைக் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமலே பக்கத்துக் கட்டிலில் படுத்து எழுந்தேன்.

"நீயே படி, பாப்பா"

வியாழக்கிழமை காலை அவர் வந்தார். முனியப்பன் என்று பெயர். ஒல்லியான, கறுத்த மனிதர். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சப்பை. எங்களுக்கு அந்த வாரம் மத்தியான ஷிப்ட். அதனால் எல்லோரும் ஹாஸ்டலில்தான் இருந்தோம். கேட்டிலேயே வாட்ச்மேனிடம் அவர் கேட்டது மாடி வரைக்கும் கேட்டது.

"எம் பொண்ணு உள்ளதானுங்களே இருக்குது?"

அந்தக் குரலைக் கேட்டதும் என்னால் அறையில் இருக்க முடியவில்லை. மஞ்சுளாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தோம்.

"மேடம், பக்கத்தைப் பிரிச்சது நாங்கதான். சித்ரா இல்ல" என்றேன்.

"உங்க கதையை அப்புறம் வெச்சுக்கறேன். ஓரமா நில்லுங்க" என்றார் மேடம்.

சித்ரா சுவரோரம் நின்றிருந்தாள். அப்பா அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு மேடத்திடம் திரும்பினார். "என்னங்க ஆச்சு?"

"உங்க பொண்ணு படிக்கக் கூடாத பக்கத்தைப் பிரிச்சுப் படிச்சிருக்கா."

"பக்கமா?" அவருக்குப் புரியவில்லை. "பொஸ்தகத்துப் பக்கமுங்களா?"

"ஆமா."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று என்னிடம் கேட்டார். செம்பைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு நாளா கஞ்சி எறங்கலைங்க. பொண்ணு எவங்கூடயோ போயிருச்சுன்னு சொல்லத்தான் கூப்புடறீங்கன்னு நெனச்சு வந்தேன். பொஸ்தகத்துக்கா கூப்புட்டீங்க?"

"எல்லாம் இங்க இருந்துதான் ஆரம்பிக்குது."

"அப்படி என்னங்க எழுதியிருக்குது அதுல?"

"அதையெல்லாம் என் வாயால சொல்ல முடியாது."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க மேடம். எம் பொண்ணு என்ன தப்புப் பண்ணுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே நான் கண்டிக்க முடியும்?" அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். மேடம் மேசையில் இருந்த புத்தகத்தையே பார்த்தார். முனியப்பன் மகள் பக்கம் திரும்பினார். "நீயே படி, பாப்பா."

சித்ரா புத்தகத்தை எடுத்தாள். ஐந்தாவது பக்கத்தை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். முதல் வரியிலேயே மாதவிலக்கு என்ற வார்த்தை. அங்கே நின்றுவிட்டாள்.

"படி" என்றார் அப்பா. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவள் படித்தாள். முதலில் முணுமுணுப்பாக, பிறகு கொஞ்சம் தெளிவாக. எத்தனை நாள், எவ்வளவு, எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம், எல்லாவற்றையும் படித்தாள். மேடம் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சுளா என் கையைப் பிடித்த பிடியில் அவள் வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. கதவுக்கு வெளியே ரத்னம்மாவின் புடவைத் தலைப்பு தெரிந்தது.

படித்து முடித்துப் புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"இதுல கெட்டது எதுங்க?" என்று கேட்டார் முனியப்பன். "எனக்கு வெளங்கல. ஆஸ்பத்திரிக்குப் போன்னுதானே எழுதியிருக்குது?"

"வயசுப் பொண்ணுங்க..." என்று ஆரம்பித்த மேடம் முடிக்கவில்லை.

அவர் அதற்குள் மகளைப் பார்த்துவிட்டார். இந்தத் தடவை நன்றாக. வெளுத்த உதட்டை, கண்ணுக்குக் கீழே கறுத்ததை.

"உனக்கு இப்படி இருக்குதா?"

தலையாட்டினாள்.

"எத்தினி நாளா?"

"அஞ்சு மாசமாப்பா."

அவர் எழுந்து நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மாடு ஒரு நாள் தீனி எடுக்கலைன்னா ஊத்தங்கரைக்கு ஓடி டாக்டரைக் கூட்டியாறேன். நீ அஞ்சு மாசமா..." பிறகு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். "இதோட அம்மாவுக்கும் இப்படித்தாங்க. ரெண்டு வருசமா. கேட்டா சூடுங்கறா. நானும் எளநி வெட்டிக் குடுத்துட்டு இருக்கேன்."

அப்போது மேடம் எழுந்தார். மேசை டிராயரிலிருந்து தன் கைப்பையை எடுத்தார். "பெரியாஸ்பத்திரியில நேரமானா சீட்டுத் தரமாட்டாங்க. வாங்க" என்றார். "லேடி டாக்டர் ரூமுக்குள்ள உங்களை விடமாட்டாங்க. நான் கூட வர்றேன்."

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். நடுவில் சித்ரா.

எடுத்தவர் பெயர்

சித்ராவுக்கு ரத்தம் ரொம்பவும் குறைந்திருந்தது. காரணம் தைராய்டு. மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதத்தில் அவள் தேறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சித்ரா எங்களுக்கு மாடியில் உட்கார்ந்து சொன்னாள். "இவ்வளவு நாள் விட்டிருக்கீங்களே, யாரும் இந்தப் பொண்ணுக்குச் சொல்லித் தரலையா?" என்று டாக்டர் கேட்டபோது, மேடம் தலையைக் குனிந்துகொண்டாராம்.

என் அண்ணனுக்கு போன் போகவில்லை. அடுத்த நாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று போனேன்.

"ராஜி, நான் அந்தப் பக்கத்தையெல்லாம் படிச்சுட்டு ஒட்டல. தலைப்பைப் பார்த்தேன், ஒட்டிட்டேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு முப்பத்தெட்டு வயசுல கர்ப்பப்பையை எடுத்தாங்க. எதுக்குன்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல. நேத்து புஸ்தகத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயி, அங்கதான் அந்தப் பதினாறு பக்கத்தையும் படிச்சேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். "சரி, போ. சாப்பிட நேரமாச்சு" என்றார்.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். பேப்பரில் ஜன்னல்கள் நான் அந்த ஹாஸ்டலை விட்டு வரும்வரை இருந்தன. சினிமா விளம்பரத்தை அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. பசை மட்டும் நின்றது. ரத்னம்மாவிடம் மைதா கேட்பதில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மகளைக் கொண்டுவந்து விட்ட முனியப்பன் உடனே கிளம்பவில்லை. மஞ்சப்பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து ரத்னம்மாவிடம் கொடுத்துவிட்டு, காலிப் பையோடு ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றாராம்.

"மேடம், அந்தப் பொஸ்தகத்தை ஒரு வாரத்துக்குக் குடுப்பீங்களா? சின்னப் பொண்ணு பத்தாவது படிக்குது. அவங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டச் சொல்றேன். நான் சொன்னா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டா."

வெளியாட்களுக்குப் புத்தகம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியைப் போட்டதே மேடம்தான். நோட்டை எடுத்தார், எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் 'சரோஜா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புத்தகத்தை முனியப்பனின் பையில் அவரே வைத்தார்.

ஒரு வாரம் என்று போன புத்தகம் ஒரு மாதம் ஆகியும் வரவில்லை. சித்ராவின் அம்மாவுக்குத் தர்மபுரியில் ஆபரேஷன் நடந்தது. எதற்கு, என்ன என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஒப்புக்கொண்டாராம். புத்தகம் எங்கே என்று சித்ராவைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டைச் சொல்லுவாள். சித்தி வீட்டில் இருக்கிறது. சித்தியின் நாத்தனார் மத்தூருக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அங்கிருந்து யாரோ ஒரு டீச்சர் வாங்கிக்கொண்டு போனார்.

வருடக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஒரு ஆபீசர் வந்து கட்டில், மின்விசிறி, பாத்திரம் எல்லாவற்றையும் சரிபார்த்தார். கடைசியாக பீரோவுக்கு வந்தார். நானும் மஞ்சுளாவும்தான் புத்தகங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு புக் குறையுதே மேடம். உங்க பேர்லதான் இருக்கு. தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்கவா?"

"தொலையல சார்" என்றார் சரோஜா மேடம். "படிச்சிட்டிருக்காங்க."